கருகும் பிளக் பாயிண்ட், சடசடக்கும் சுவிட்ச்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

ஒரு சுவிட்சைக் கழற்றிப் புதிதாகப் போட அரை மணி நேரம் போதும். அது ஏன் கெட்டது என்று தெரியாமல் போட்டால், ஆறே மாதத்தில் அதே போர்டை மறுபடி கழற்ற வேண்டிவரும். சேலம் டவுனிலும் ஏற்காட்டிலும் ஒயரிங் வேலை செய்ததில் நான் கண்டது இது. கருகிய பாயிண்டைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் கோளாறு ஒயரைப் பிடித்திருக்கும் ஸ்குரூவில் இருக்கும். இல்லையென்றால் அதில் சொருகிய சாமானில் இருக்கும், அல்லது சுவரின் ஈரத்தில் இருக்கும். அதனால் அறிகுறியைப் பார்த்து, காரணத்தைப் பிடித்து, பிறகுதான் சாமான் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

இதை நாமே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள், வீட்டு மின் வேலைகளை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்கின்றன. 250 வோல்ட்டுக்கு உட்பட்ட பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, கொள்திறனும் தன்மையும் மாறாமல் அதே இடத்தில் மாற்றிக்கொள்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. பழையது இருந்த இடத்தில் அதே வகையில் புதியது போடலாம். 6 ஆம்ப் பாயிண்டை 16 ஆம்ப் ஆக்குவதும், புது லைன் இழுப்பதும் ஒயர்மேன் வேலை.

போர்டைத் திறக்கும் முன்

அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மெயினை ஆஃப் செய்துவிட்டுத் தானே போர்டைத் திறந்திருக்கிறார். கையில் சுளீர் என்று அடித்துவிட்டது. நான் போனபோது முதலில் கேட்டதே இதைத்தான்: "மெயினை ஆஃப் பண்ணிட்டேனுங்க தம்பி, அப்புறமும் எப்படிங்க கரண்ட் வரும்?"

இன்வெர்ட்டரிலிருந்து வந்திருக்கிறது. மெயினை ஆஃப் செய்தால் இன்வெர்ட்டர் அதை மின்வெட்டு என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்த நொடியே பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை ஒயருக்குள் அனுப்பிவிடும். அந்த 230 வோல்ட்டுக்கும் ஈ.பி. கரண்ட்டுக்கும் ஆளைக் கொல்வதில் வித்தியாசம் கிடையாது. அதனால் முதலில் இன்வெர்ட்டரை அதன் சொந்த சுவிட்சில் ஆஃப் செய்யுங்கள். பின்னால் பைபாஸ் சுவிட்ச் (இன்வெர்ட்டரைத் தாண்டி ஈ.பி. கரண்ட்டை நேராக வீட்டுக்கு விடுவது) இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். அதன் பிறகு மெயின். மொட்டைமாடியில் பேட்டரியோடு சோலார் வைத்திருப்பவர்கள் அதன் அவுட்புட்டையும் நிறுத்த வேண்டும்.

இன்னொரு பொறி, த்ரீ ஃபேஸ் வீடுகளில், அதாவது கரண்ட் வரும் ஒயர் (ஃபேஸ்) மூன்று உள்ள வீடுகளில் இருக்கிறது. தறி ஓடும் வீடு, வெள்ளிக் கொலுசுக்கு மோட்டார் போட்ட வீடு, ஏசி அதிகமுள்ள வீடு எல்லாவற்றிலும் ஒரே போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் வந்திருக்கக்கூடும். ஒரு எம்சிபியை (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) மட்டும் இறக்கிவிட்டுக் கை வைத்தால் பக்கத்து ஒயர் உயிரோடு இருக்கும். இரண்டு ஃபேஸுக்கு இடையே இருப்பது சுமார் 400 வோல்ட். எம்சிபியை நம்பாமல் மெயினையே இறக்குங்கள். இறக்கியதும் மெயின் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், அல்லது வீட்டாளை நிறுத்துங்கள். "கரண்ட் போயிடுச்சு போல" என்று பாட்டி எழுந்து போய் மெயினைத் தூக்கிவிடுவது உண்மையில் நடக்கிற காரியம்.

அடுத்து, கரண்ட் இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும். நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் முப்பது ரூபாய் நியான் டெஸ்டர் தனியாக இதற்குப் போதாது. உள்ளே பல்பு செத்திருந்தாலும் அது ஒளிராது. காய்ந்த மர ஸ்டூலில் நின்றால் மங்கலாகத்தான் தெரியும், பகல் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. மெயினை இறக்கும் முன்பே உயிருள்ள பாயிண்டில் டெஸ்டரை வைத்து ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு டெஸ்ட் லாம்ப் வேண்டும்: ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு, இரண்டு ஒயர், முனைகளில் பிடி. மல்டிமீட்டர் இருந்தால் அதுவும் சரி, ஏசி வோல்ட்டில் பெரிய அளவில் வையுங்கள். இறக்கிய பிறகு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இடையே பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் பாருங்கள். நியூட்ரல் அறுந்திருந்தால் முதல் சோதனையில் லாம்ப் எரியாது, ஃபேஸ் மட்டும் உயிரோடு காத்திருக்கும். அதற்குத்தான் இரண்டாவது சோதனை. எர்த்தும் இல்லாத பழைய வீடு என்றால் இரண்டிலுமே எரியாது. அதற்காகத்தான் ஒவ்வொரு ஒயர் முனையிலும் டெஸ்டரையும் வைக்கச் சொல்கிறேன்.

காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, கையில் ஈரம் இல்லாமை, வீட்டில் இன்னொரு ஆள். இந்த மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிளேட் சுடுகிறது, மஞ்சளாகிறது, கருகல் வாடை வருகிறது

அதிகமாகக் கூப்பிடுவது இதற்குத்தான். தீப்பிடிக்க வைப்பதும் இதுதான். வாடை வந்தாலே அந்தப் பாயிண்டை நிறுத்திவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

முதலில் அதில் என்ன சொருகியிருந்தது என்று பாருங்கள். இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றால் நாலேகால் ஆம்ப் இழுக்கும், 6 ஆம்ப் பாயிண்ட் தாங்கும். 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பும் கீசரும் ஒன்பது ஆம்ப் வரை இழுக்கும். 3000 வாட் கீசர் பதின்மூன்று ஆம்ப். இவற்றின் பெரிய பிளக்கை கன்வெர்ட்டர் மாட்டி 6 ஆம்ப் பாயிண்டில் சொருகினால் பாயிண்ட் கருகாமல் வேறென்ன செய்யும்? அங்கே புதுப் பாயிண்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஒயரே 1 அல்லது 1.5 ஸ்கொயராக (சதுர மில்லிமீட்டர் தடிமன்) இருக்கும். அந்தச் சாமானுக்கு மெயினிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் அல்லது 4 ஸ்கொயர் ஒயரும், தனி எம்சிபியும், 16 ஆம்ப் பாயிண்டும் வேண்டும். ஏற்காட்டில் வருஷம் முழுக்கக் கீசர் ஓடும். அங்கே தங்கும் அறைகளில் நான் பார்த்த கருகல் பெரும்பாலும் இந்த வகைதான்.

லோடு சரியாக இருந்தும் கருகியிருந்தால் ஸ்குரூவைச் சந்தேகப்படுங்கள். லூஸாக இருக்கும் இடத்தில் தொடர்பு குறையும், அங்கே சூடு ஏறும், சூட்டில் பித்தளை விரிந்து இன்னும் லூஸாகும். இந்தச் சுற்று நிற்காமல் ஓடி ஒருநாள் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். தறி ஓடும் வீடுகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சுவர் நாள் முழுக்க அதிர்கிறது, ஸ்குரூ தானாகவே கழன்றுகொண்டே வரும். அம்மாப்பேட்டை, குகை பக்கத்துத் தறிக்காரர்களிடம் நான் எப்போதும் சொல்வது, தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாப் போர்டையும் ஒருமுறை மெயினை இறக்கி முடுக்கிவிடுங்கள் என்பதுதான்.

போர்டைத் திறந்ததும் கருப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு டெர்மினலை (ஒயரை மாட்டி முடுக்கும் இடம்) சுற்றி மட்டும் கருப்பாக இருந்தால் அந்த ஸ்குரூ லூஸ். ஒயரின் தோல் நீளத்துக்கும் மொறமொறவென்று விறைத்திருந்தால் அந்த லைனே ஓவர்லோடு. அதைப் புது சுவிட்சால் சரிசெய்ய முடியாது, ஒயரையே மாற்ற வேண்டும். உள்ளே வெள்ளி நிறக் கம்பி தெரிந்தால் அது அலுமினியம், பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. அலுமினியம் ஸ்குரூ அழுத்தத்தில் மெல்ல நசுங்கி லூஸாகும், மேலே துருப்போல ஒரு படலமும் பிடிக்கும். அதைச் செம்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றுவது தீயை அழைத்து உட்காரவைப்பது. அந்த வீட்டுக்கு ஒயர்மேனைக் கூப்பிட்டு மொத்த ஒயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவிட்ச் போட்டால் சடசடக்கிறது, பொறி தெரிகிறது

ஃபேனையோ மிக்ஸியையோ ஆஃப் செய்யும் அந்தக் கணத்தில் உள்ளே சிறு பொறி மின்னுவது இயல்பு. போட்ட பிறகும் "ஸ்ஸ்" என்று சத்தம் தொடர்ந்தாலும், விளக்கு சிமிட்டினாலும், சுவிட்சை லேசாகத் தட்டினால் நின்று எரிந்தாலும் உள்ளே தொடர்பு தேய்ந்துவிட்டது. சுவிட்ச் பாதியில் நின்றாலும், அமுக்கியது திரும்ப எழுந்தாலும் உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது. இங்கே கோளாறு சுவிட்சிலேயே இருக்கிறது, தயங்காமல் மாற்றலாம். பழைய பியானோ சுவிட்சைத் திறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவார்கள். இரண்டு மாதம் கூடத் தாங்காது.

பிளக் தளர்ந்து விழுகிறது

சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்வும் பித்தளை இதழ் விரிந்துவிட்டது. அட்டையை மடித்துச் சொருகுவதும் பின்னை வளைப்பதும் வேண்டாம். சாக்கெட்டை மாற்றுங்கள், விலை சொற்பம்.

எதுவும் வேலை செய்யவில்லை

எரிகிற வேறு பல்பைப் போட்டுப் பாருங்கள். வேறு சாமானைச் சொருகிப் பாருங்கள். அதற்கடுத்து எம்சிபி அல்லது ஃபியூஸ் கேரியர். இவை சரியாக இருந்தால் டெஸ்டரை எடுங்கள்.

பாயிண்டுக்கு நேரே நின்று பார்த்தால், மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது வலதில் ஒளிர்ந்து இடதில் ஒளிராவிட்டால் முறைப்படி இருக்கிறது. எதிலும் ஒளிராவிட்டால் ஃபேஸ் வரவில்லை, சுவிட்ச் கெட்டிருக்கும், அல்லது லூப் ஒயர் (ஒரு பாயிண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒயர்) அறுந்திருக்கும். இரண்டிலும் ஒளிர்ந்தால் குழம்பிவிடாதீர்கள்: நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஆன் நிலையில் இருக்கும் வேறொரு பல்பு வழியாக ஃபேஸே சுற்றிக்கொண்டு நியூட்ரல் கம்பிக்கு வந்து நிற்கிறது. அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் ஆஃப் செய்தால் இடது ஓட்டையின் ஒளி போய்விடும். "கருப்பு ஒயர்தானே" என்று தொட்டவர்கள் ஷாக் வாங்குவது இந்த நிலையில்தான். அறுந்த இடம் பெரும்பாலும் இதற்கு முந்தைய போர்டில் நியூட்ரலை இணைத்த முடிச்சில் இருக்கும்.

இதன் பெரிய வடிவம் ஒன்று உண்டு. ஒரு அறையில் பல்பு கண்ணைப் பறிக்கும்படி எரிகிறது, இன்னொரு அறையில் ஃபேன் நகராமல் முனகுகிறது என்றால், த்ரீ ஃபேஸ் வீட்டின் மெயின் நியூட்ரலே போயிருக்கலாம். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிமிடங்களில் வெந்துவிடும். எந்தப் போர்டையும் திறக்க வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு ஈ.பி.யின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மீட்டரும் அதற்கு முந்தைய ஃபியூஸும் ஈ.பி.யுடையவை, சீலைத் தொடவே கூடாது.

சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு ஓட்டு வீடு. ஐப்பசி மழை. வீட்டம்மா சொன்னார்: "ஏனுங்க, மூணு சுவிட்ச் மாத்தியாச்சுங்க, இன்னும் சுருக்குன்னு அடிக்குதுங்களே."

"சுவிட்ச் மேல தப்பு இல்லீங்கம்மா. மேலே ஓட்டைப் பாருங்க" என்றேன்.

இரண்டு ஓடு நகர்ந்திருந்தது. அந்த வழியாக இறங்கிய தண்ணீர் பைப்புக்குள் நுழைந்து நேராகப் போர்டின் இரும்புப் பெட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊர் அது. கூரை ஒழுகாத வீட்டில்கூடச் சுவர் ஊறிப்போகிறது. ஓட்டைச் சரிசெய்து, பெட்டியைக் காயவைத்து, துருப்பிடித்ததை மாற்றிய பிறகுதான் புது சுவிட்ச் போட்டோம். மழைக்காலத்தில் மட்டும் அடிக்கிறது, வெயில் காலத்தில் இல்லை என்றால் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். சுவர் ஈரமாக இருக்கும்போது போர்டைத் திறப்பதே தப்பு.

ஈரமே இல்லாமலும் அடித்தால், பெட்டிக்குள் ஒயரின் தோல் கிழிந்து இரும்பில் பட்டிருக்கும், எர்த்தும் வேலை செய்யாமல் இருக்கும். எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் கரண்ட் மண்ணுக்குப் போயிருக்கும், உங்கள் விரலுக்கு வந்திருக்காது. மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சிப் பக்கமும், வெள்ளைக்கல் எடுக்கும் கருப்பூர்ப் பக்கமும் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். காய்ந்த பாறை மண்ணில் எர்த் சரியாக இறங்காது. கரியும் உப்பும் போட்ட குழியாக இருந்தாலும் சித்திரை வெயிலில் காய்ந்துவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பச்சை ஒயர் போர்டுக்குள் இருக்கிறது என்பதாலேயே எர்த் இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். மறுமுனை எங்கும் இணையாமல் தொங்கும் வீடுகள் உண்டு. ஒயர்மேனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மெயினுக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால், இந்தக் கட்டுரையில் சொன்ன எதற்கும் முன்னால் அதைப் போடச் சொல்வேன். கசிவு அந்த அளவைத் தொட்டால் அது கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், விழாவிட்டால் அது செத்துவிட்டது.

போட்டவுடன் டிரிப் ஆகிறது

எது விழுகிறது என்று பாருங்கள். ஆர்சிசிபி விழுந்தால் கசிவு, முந்தைய பகுதிக்குப் போங்கள். எம்சிபி விழுந்தால், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள். எதுவும் சொருகாமலே விழுந்தால் போர்டிலோ ஒயரிலோ ஷார்ட். சாமானைச் சொருகினால் மட்டும் விழுந்தால் அந்தச் சாமான். பத்து நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் ஓவர்லோடு, அதற்காகப் பெரிய எம்சிபி மாற்றுவது ஒயரை எரியவிடுவதற்குச் சமம். போர்டைத் திறந்தால் எறும்புப் புற்றோ செத்த பல்லியோ இருப்பது நம் ஊரில் சாதாரணம். மெயின் இறங்கிய நிலையில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், பூச்சி ஸ்பிரே அடிக்காதீர்கள்.

ஆஃப் செய்தும் எல்இடி மங்கலாக எரிகிறது

சுவிட்சில் சிவப்பு இன்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் துளி கரண்ட் காரணமாக இருக்கலாம், ஆபத்தில்லை. இன்டிகேட்டர் இல்லையென்றால் பல்பைக் கழற்றி, சுவிட்ச் ஆஃப் நிலையில் ஹோல்டர் பின்களில் டெஸ்டரை வையுங்கள். பிரகாசமாக ஒளிர்ந்தால் யாரோ சுவிட்சை நியூட்ரலில் மாட்டியிருக்கிறார்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கிறது, பல்பு மாற்றுகிறவருக்கு அது தெரியாது. இதை அப்படியே விடக்கூடாது.

மாற்றும் வேலை

பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். மாடுலர் வகையில் ஒரு கம்பெனியின் சுவிட்ச் இன்னொன்றின் பிளேட்டில் பெரும்பாலும் உட்காராது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், சுவிட்சுக்கு ஐ.எஸ். 3854, சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293.

மெயினும் இன்வெர்ட்டரும் இறங்கி, சோதித்து முடித்த பிறகு பிளேட்டைக் கழற்றி, ஒயர்களைத் தொடும் முன் செல்போனில் இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நம் வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பழக்கம். ஆனால் வெளியிலிருந்து வரும் சாமான்களின் ஒயரில் நீலம்தான் நியூட்ரல், பழுப்பு ஃபேஸ். நீலத்தை நியூட்ரல் என்று நினைத்து மாட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாடிப்படி சுவிட்ச் என்றால் நடு டெர்மினலில் இருந்த ஒயரைத் தனியாக அடையாளம் செய்யுங்கள். அது மாறினால் மேலும் கீழும் ஒழுங்காக வேலை செய்யாது.

கருகிய முனையை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும் வரை போங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தோலை உரியுங்கள். இழைகள் ஒன்றுகூட அறக்கூடாது. முறுக்கி, மெல்லிய ஒயர் என்றால் இரட்டையாக மடித்து உள்ளே விட்டு முடுக்குங்கள். முடுக்கிய பிறகு ஒயரைப் பிடித்து இழுங்கள், வந்துவிட்டால் இப்போதே வரட்டும். வெளியே செம்பு தெரியக்கூடாது. ஒரே டெர்மினலில் நாலு ஒயரைத் திணிக்காதீர்கள், இடம் போதவில்லை என்று இழைகளை வெட்டிக் குறைப்பது அதைவிட மோசம். ஃபேஸ் முதலில் சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து சாக்கெட்டுக்கு. நியூட்ரல் நேராகச் சாக்கெட்டுக்கு. பின்பக்கம் திருப்பிப் பிடித்தால் வலது இடமாகிவிடும், அதனால் பக்கத்தைக் கணக்கு வைக்காமல் டெர்மினல் அருகே பொறித்திருக்கும் எல், என் எழுத்துகளைப் படித்து மாட்டுங்கள். எர்த் ஒயரை விட்டுவிட வேண்டாம். ஒயர்களை மடித்துப் பெட்டிக்குள் தள்ளும்போது பிளேட் ஸ்குரூவுக்கு அடியில் எதுவும் சிக்காமல் பாருங்கள்.

மெயினைத் தூக்குங்கள். வலது ஓட்டையில் மட்டும் டெஸ்டர் ஒளிர வேண்டும், சுவிட்ச் ஆஃபில் எதிலும் ஒளிரக்கூடாது. ஆர்சிசிபி விழாமல் நிற்க வேண்டும். பிறகு அந்தப் பாயிண்ட் சுமக்க வேண்டிய சாமானையே, இஸ்திரிப் பெட்டியோ கீசரோ, சொருகிக் கால் மணி நேரம் ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பின்களையும் பிளேட்டையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கை வைக்க முடியாமல் சுட்டால் மெயினை மறுபடி இறக்குங்கள், எங்கோ ஒரு ஸ்குரூ இன்னும் பிடிக்கவில்லை.